வெண்பாக்கத்து ஊன்றுகோல்

பொன்னேரி வட்டத்தில் ஞாயிறு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இரண்டாம் தேவியாராக வாய்த்த சங்கிலியார் அவதரித்த ஊர் அது. அந்த அம்மையாரைத் திருவொற்றியூரில் மணம் புரிந்தபோது, மகிழ மரத்தின் கீழே நின்று, பிரிவதில்லை என்று சபதம் செய்து கொடுத்த சுந்தரர், வசந்த காலம் வந்ததும் திருவாரூர்ப் பெருமானுடைய திருவிழாவின் நினைவு மேலிட்டுச் சபதத்தை மீறி ஊரெல்லையைத் தாண்டினார் என்பதும், தாண்டிய அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன என்பதும் பெரிய புராணம் சொல்லும் வரலாறு. திருவாரூரோ வெகு தொலைவு. பார்வையிழந்த அடியார் வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்து முறையிட்டபோது, அவ்வூர் இறைவன் அவருக்குக் கண்ணைக் கொடுக்கவில்லை. ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்தான். இடக்கண் பின்னர்க் காஞ்சியிலும், வலக்கண் அதற்கும் பின்னர்த் திருவாரூரிலும் கிடைத்தன.

அந்த வெண்பாக்கத்துப் பழைய கோயில் இன்று நீருக்கடியில் இருக்கிறது. சென்னை நகரத்தின் குடிநீருக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் அமைந்தபோது அது மூழ்கிப்போக, மூர்த்தியைக் கரைக்குக் கொண்டுவந்து வேறு கோயில் எழுப்பினார்கள். ஊன்றீசுவரர் என்ற திருநாமமும், கொம்பொடிந்த நந்தியும் அங்கே இருக்கின்றன. கண் கேட்ட இடத்தில் கோல் கிடைத்ததே என்று சினந்த அடியார் அக்கோலை வீசியெறிந்ததால் ஒடிந்த கொம்பு என்பது தலவரலாறு. பக்தனுடைய கோபத்தை மறைத்து வைக்காமல் கல்லிலே பதித்து வைத்திருக்கிற இந்தத் துணிவு நம்முடைய சமயத்தின் பெருமைகளில் ஒன்றென்று நான் கருதுகிறேன். பெருந்துன்பம் நேர்ந்தவன் முதலில் சினப்பான். சினப்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

புராணப் பிரசங்கிகள் இவ்வரலாற்றில் காஞ்சியையும் திருவாரூரையும் விரித்துரைத்து, வெண்பாக்கத்தை ஒரு வாக்கியத்தில் கடந்து போவது வழக்கம். இழந்தது மீண்டும் வந்தது என்று கேட்பதில் செவிக்கு ஓர் இன்பம் இருக்கிறது. ஆனால், படகு கவிழ்ந்தோ, பனையிலிருந்து விழுந்தோ, வண்டி மோதியோ முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் அற்றுப்போன ஒரு மனிதனுக்கு, இன்றுள்ள வைத்திய நிலையில், பெரும்பாலும் காஞ்சியும் கிடையாது, திருவாரூரும் கிடையாது. அவனுக்குக் கிடைக்கக்கூடியது வெண்பாக்கம் ஒன்றுதான். ஆகவே அருள் என்பது இழந்ததைத் திருப்பித் தருவது மட்டுமே என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தால், அவனைப் போன்றவர்களுக்குச் சமயம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களை அறிந்தவர்களுக்கு இது ஏட்டளவான விசாரம் அன்று. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது. கடலோடு அது கலக்கும் முகத்துவாரத்தில் மணல் திட்டுச் சேர்ந்துகொண்டே இருக்கும். அலை புரளும் அவ்வாயிலின் வழியாகத்தான் படகுகள் கடலுக்குப் போய்வர வேண்டும். அங்கே ஒருவனுடைய ஜீவனம் முழுவதும் அவன் சரீரத்தின் வலிமையிலேயே நிற்கிறது. கோல் ஊன்றிப் படகைத் தள்ளவும், இடுப்பளவு நீரில் நின்று வலை கட்டவும், ஈர வலையைத் தோளில் சுமந்து கரையேறவும் கால்கள் வேண்டும். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்கிற பழைய ஏற்பாடு சில குப்பங்களில் இன்றளவும் உண்டு. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் முறை வரும், முறை வந்தால் நீரில் இறங்க வேண்டும். இறங்க முடியாதவனாகிவிட்ட ஒருவன் தன் பிழைப்பை மட்டுமா இழக்கிறான்? ஊர் நடுவே தான் இன்னான் என்று சொல்லிக்கொள்வதற்கு இருந்த ஆதாரத்தையும் இழக்கிறான். மணலில் உருளை நாற்காலியின் சக்கரம் புதைந்துவிடும். எனவே திண்ணைக்கு வந்தவன் திண்ணையிலேயே இருந்துவிடுகிறான். வந்து பார்ப்பவர்கள் தலையெழுத்து என்கிறார்கள். சற்றுத் தள்ளிப் போனபின், என்ன பாவம் பண்ணினானோ என்கிறார்கள்.

இந்த இரண்டாவது வாசகத்தைத்தான் நான் இங்கே எதிர்க்க விரும்புகிறேன். சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூவகையாகப் பகுத்துச் சித்தாந்தம் செய்த பெரியோர்கள், ஓர் ஆன்மா தன்னுடைய அனுபவத்தைத் தானே நோக்கித் தெளிவு பெறுவதற்காக அதனைச் சொன்னார்கள். அடுத்த வீட்டுக்காரனுடைய முறிந்த முதுகைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதற்காகச் சொல்லவில்லை. அப்படியே ஒருவனுடைய துன்பத்துக்குக் காரணமான குற்றம் நமக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், அதனால் என்ன ஆகிவிடும்? சுந்தரருடைய குற்றம் மறைபொருள் அன்று. சபதம் செய்தது உண்மை, மீறியது உண்மை. ஞாயிற்று மண்ணில் பிறந்த சங்கிலியாரின் பக்கத்தில் நியாயம் இருந்தது. அத்தனையும் அறிந்த இறைவன், தண்டனை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தண்டனை பெற்றவன் கையில் கோலைக் கொடுத்தான். காரணம் ஐயமறத் தெரிந்த இடத்திலேயே உதவி மறுக்கப்படவில்லையென்றால், காரணமே தெரியாத நாம் எந்த நியாயத்தைக் கொண்டு மறுக்கப் போகிறோம்?

பழவேற்காடு பல சமயத்தாரும் கூடி வாழும் ஊர். போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயமும், பள்ளிவாசல்களும், அம்மன் கோயில்களும் அங்கே உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லையென்று இயேசுநாதர் அக்கேள்வியையே தள்ளிவிட்டதாக யோவான் எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. நபிகள் நாயகத்தின் தோழரான இப்னு உம்மு மக்தூம் பார்வையற்றவர். தொழுகைக்கு அழைக்கும் பணியை அவருக்கு அளித்ததோடு, தாம் வெளியூர் சென்ற காலங்களில் மதீனா நகரத்துப் பொறுப்பையே அவரிடம் நாயகம் ஒப்படைத்துச் சென்றார் என்பது இஸ்லாமிய வரலாறு. முதற் செய்தி பழி சுமத்தலை நீக்குகிறது; அடுத்தது அதற்கும் மேலே ஒரு படி சென்று, ஊனமுற்றவனைப் பொறுப்புள்ள இடத்தில் அமர்த்துகிறது. அந்த மேற்படியைப் பற்றித்தான் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில், தண்டுவடம் முறிந்தவன் பிழைப்பதென்பதே அரிதாக இருந்தது. முதல் உலகப் போரில் அவ்வாறு அடிபட்ட வீரர்களில் மிகப் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டார்கள். முறிவு அவர்களைக் கொல்லவில்லை. ஒரே பக்கமாகக் கிடந்ததால் உண்டான படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தாரையில் பற்றிய நச்சுமே கொன்றன. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் 1944-இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்று, நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிடச் செய்தும், பின்னர் எழுப்பி உட்காரவைத்து வேலையும் விளையாட்டும் கற்பித்தும், அந்த விதியை மாற்றினார். விதி என்று உலகம் முழுவதும் நம்பியிருந்த ஒன்று, உண்மையில் பராமரிப்புக் குறையாக இருந்தது! தலையெழுத்து என்று வாயெடுக்கும் முன்னர் நாம் இந்தச் செய்தியைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

நம்முடைய நாட்டில் இந்த மாறுதல் வேரூன்றியதற்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை காரணமாக இருந்தது. கேரளத்தில் 1925-இல் பிறந்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகப்பேற்று மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தோழியரோடும் சக வைத்தியர்களோடும் உல்லாசமாகச் சென்றபோது வண்டி விபத்துக்குள்ளாகி, முகத்தில் ஆறாத வடுவும், இடுப்புக்குக் கீழே முற்றான செயலின்மையும் அடைந்தார். இனித் தாம் வைத்தியராக இருப்பது எங்ஙனம் என்று மனம் இருண்டிருந்த காலத்தில், அதே மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையில் முன்னோடியாக விளங்கிய டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது என்பதை எடுத்துக்காட்டி, உருளை நாற்காலியில் இருந்தவாறே கத்தியைக் கையிலெடுக்கும்படி அவரைத் தூண்டினார். மேரி வர்கீஸ் எடுத்தார். நரம்பு செத்து, பறவையின் கால்நகம் போல் வளைந்து மடங்கிப்போன விரல்களுக்கு, முன்கையிலிருந்து வேறு தசைநாரைக் கொணர்ந்து இணைத்து, மீண்டும் பிடிக்கவும் விரிக்கவும் வல்லமை தரும் நுட்பமான சிகிச்சை அது.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமையினாலேயே அழிகின்றன என்று நிறுவியவர் பிராண்ட். அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் எடுப்பவனுக்குச் சுடுவது தெரிவதில்லை. சுட்ட புண்ணுக்கு மருந்திடவும் தோன்றுவதில்லை. முதுகுத்தண்டு முறிந்தவனுக்குப் படுக்கைப் புண் வருவதும் அதே காரணத்தால்தான். நீண்ட நேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் நமக்கு உண்டாகிற சிறு வேதனை, நம்மை அறியாமலே நம்மை அசைத்துவிடுகிறது. அந்த வேதனை அற்றவனுடைய தசை அமர்ந்த இடத்திலேயே செத்துப்போகிறது. ஆகவே, இடுப்புக்குக் கீழே தம் உடம்பின் உணர்ச்சியை இழந்து, அதனைக் கண்ணாலும் கருத்தாலும் காத்துவந்த ஒரு வைத்தியர், உணர்ச்சி இழந்த கைகளைச் சீர்செய்தார். உலகம் விலக்கி வைத்திருந்த அந்நோயாளிகளுக்கும் அவருக்கும் இடையே இருந்த உறவு, கருணை காட்டுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் இடையே உள்ள உறவன்று. ஒரே வகை இழப்பை இரண்டு பக்கத்திலிருந்து அறிந்தவர்களின் உறவு. மேலும், வலியைத் துன்பங்களின் தலையாய வடிவமாகவும், வலியின்மையை முக்தியின் இலக்கணமாகவும் எண்ணிப் பழகிய நம்முடைய தத்துவ விசாரத்துக்கு, வலி ஒரு காவலாளி என்றும், அது இல்லாத சரீரம் ஒவ்வொரு நாளும் பிறர் விழிப்பினால் காக்கப்பட வேண்டியது என்றும் இந்த நோயாளிகள் கற்பித்திருக்கிறார்கள். இதனைக் கற்காத வேதாந்தம் குறையுள்ளது என்று சொல்ல நான் அஞ்சவில்லை.

மேரி வர்கீஸ் அறுவைச் சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் தம்மைப் போன்றவர்கள் தாங்களே எழுந்து, உடுத்தி, வண்டியோட்டிப் பிழைக்கக் கற்றுக்கொள்வதைக் கண்டு, தாமும் கற்று, பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்ற அறிஞரிடம் மறுவாழ்வு மருத்துவத்தை முறையாகப் பயின்று, வேலூர் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறுவதற்கான நிலையம் ஒன்று, இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாக, 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அவருடைய முயற்சியால் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். தம்முடைய கால்கள் திரும்ப வேண்டுமென்று அவர் பிரார்த்தித்திருப்பார். பிரார்த்திக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கால்கள் திரும்பவில்லை. ஆயினும் அவர் பெற்ற கோலை ஊன்றி நடந்தவர்களின் கூட்டம் பெரிது.

தெற்கே ஆய்க்குடியில் நடந்தது இன்னொரு வகை. அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன், பொறியியல் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1975-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் கடைசிச் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். மேரி வர்கீசுக்குக் கைகள் இருந்தன. இவருக்கு அவையும் இல்லை. இராணுவ மருத்துவமனையில் தம்மைப் பரிவுடன் கவனித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சூட்டி, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக உலகம் கொண்டாடிய 1981-இல், அமர் சேவா சங்கத்தைத் தம் கிராமத்திலேயே தொடங்கினார். தொடக்கம் மிகச் சிறியது: ஓலைக் கொட்டகையில் சில குழந்தைகளுக்குப் பாடம். தசைச் சிதைவு நோயால் தாமும் உருளை நாற்காலியில் வாழும் கணக்காயர் சங்கரராமன் பிற்காலத்தில் உடன் சேர, அந்த ஸ்தாபனம் நூற்றுக்கணக்கான கிராமங்களில் ஊனமுற்ற குழந்தைகளைத் தேடிச் சென்று பணி செய்யுமளவுக்கு வளர்ந்தது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருதுகளை நான் குறிப்பிடுவது பெருமைக்காக அன்று. கை கால் அசையாத ஒருவர் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, தமக்கு யார் என்ன தருவார்கள் என்பதாக இல்லை. பேச முடிகிற தம்மால் இந்தத் தெருக் குழந்தைகளுக்கு எதைத் தர முடியும் என்பதாக இருந்தது. என் சிந்தனை முழுவதும் இந்த இடத்திலேயே வந்து நிற்கிறது.

அடிபட்டவனுக்கு இழப்பு இரண்டு முறை நேர்கிறது. முதலாவது, விழுந்த கணத்தில் நேர்வது. அது தற்செயலோ, வினையோ, நம் அறிவுக்கு எட்டாதது. இரண்டாவது, வீடு திரும்பிய பின் நாளடைவில் நேர்வது. அது முழுவதும் மனிதர்களால் உண்டாக்கப்படுவது. அன்புள்ள தாயும் மனைவியும் சகோதரர்களும், அவனுக்கு எல்லாவற்றையும் செய்துகொடுத்து, அவனிடமிருந்து எதனையும் எதிர்பாராமல் விட்டுவிடுகிறார்கள். அவனிடம் யோசனை கேட்பதில்லை. வீட்டில் நிகழும் சண்டையில் நடுவராக அவனை அழைப்பதில்லை. திருமணப் பேச்சு அவன் இல்லாத அறையில் நடக்கிறது. கொடுக்கும் தகுதியை இழந்து, கொள்ளும் பாத்திரமாக மட்டும் ஆகிவிட்ட மனிதன், தன்னைப் பாரம் என்று எண்ணத் தொடங்குவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை. ஈகை அறத்தை இத்தனை போற்றிய நாம், ஈயும் வாய்ப்பைப் பறிப்பது எத்தகைய அநியாயம் என்று எண்ணியதில்லை. தானம் பெறுகிறவனுக்குச் சோறு கிடைக்கிறது; தானம் செய்கிறவனுக்குத் தான் என்ற உணர்வு கிடைக்கிறது. ஊனமுற்றவனுக்கு முன்னதை மட்டும் அளித்துப் பின்னதை நமக்கே வைத்துக்கொள்கிறோம்.

அறுபத்துமூவரில் தண்டியடிகள் இந்தக் குறையைத் தாமே தீர்த்துக்கொண்டவர். பிறவியிலேயே கண் பார்வை இல்லாத அவர், திருவாரூர்த் திருக்குளம் சுருங்கித் தூர்ந்து வருவதைக் கேள்வியுற்று, அதனை வெட்டி அகலப்படுத்தத் தாமே முனைந்தார். நடுக் குளத்தில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே போய் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வந்து கொட்டினார். அவருக்குப் பார்வை கிடைத்ததும், அதையொட்டிய சமயப் பூசலும் கதையின் பிற்பகுதி. அவற்றை நான் இங்கே தொடவில்லை. பார்வை கிடைப்பதற்கு முன்னமே அவர் நாயனார் ஆகிவிட்டார் என்பதே எனது அபிப்பிராயம். கண்ணுள்ள ஊரார் அனைவருக்கும் பயன்படும் குளத்தைக் கண்ணில்லாத ஒருவர் வெட்டினார். அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு தறிகளும் ஒரு கயிறும்தான். எந்தத் தறியை எங்கே நடவேண்டும் என்பதை அவரே அறிந்திருந்தார். உதவி செய்ய வருகிறவர்கள் இதனையும் கவனிக்க வேண்டும்: எந்தக் கோல் வேண்டும் என்பதைக் கோல் ஊன்றுகிறவனிடமே கேட்டறிவது, கொடுப்பவனுடைய முதற் கடமை.

பிறருக்கு உதவுவதால் தன் துன்பம் மறந்துபோகும் என்று இதனை நான் மருந்தாகச் சொல்லவில்லை. மறந்துபோகாது. சிறுநீர்க் குழாயும், இரவில் இழுக்கும் தசையும், நெருங்கிய நண்பர்கள் வருவது நாளுக்கு நாள் குறைந்துபோவதும் மறக்கக் கூடியவை அல்ல. ஊனமுற்றோர் எல்லோரும் மேரி வர்கீசாகவும் இராமகிருஷ்ணனாகவும் ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு கொடுமையே. நடக்கக்கூடியவர்களில் எத்தனை பேர் அப்படி ஆகிவிட்டோம்? சிலர் வெறுமனே உயிர் தாங்கியிருப்பதே பெருந்தவமாக இருக்கும். ஆனால் வாய்ப்பு அடைபட்டிருப்பது ஒன்று, விரும்பாமலிருப்பது மற்றொன்று. வாயிலைத் திறந்து வைக்க வேண்டியவர்கள் நாம்.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்றோர்க்குச் சமத்துவத்தை உரிமையாகவே வகுத்திருக்கிறது; அரசு செய்ய வேண்டியவற்றை அரசிடம் கேட்டுப் பெறத்தான் வேண்டும். குப்பத்தார் தாங்களே செய்யக்கூடியவையும் உண்டு. படகடியிலோ மரத்தடியிலோ ஒருவன் அடிபட்டுக் கிடந்து, கால் உணர்ச்சியில்லை என்று சொன்னால், அவனைக் கையும் காலுமாகத் தூக்கி மடக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாதபடி ஒரு பலகையில் கிடத்திக்கொண்டு போங்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தவனைப் புரட்டிவிடும் வேலையை அவன் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் சுமத்தாமல், உறவினர் முறைவைத்துச் செய்யுங்கள். இறாலுக்கு முறைவைக்கத் தெரிந்த ஊருக்கு இது கடினமாகாது. அவன் வீட்டு வாசலிலிருந்து தெருவரைக்கும் கெட்டியான பாதை போடுங்கள். வலை முடியவும், மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதவும், மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் கால் தேவையில்லை. அந்த வேலைகளை அவனிடம் இரக்கத்தால் கொடுக்காமல், தவறினால் கேள்வி கேட்கும் பொறுப்பாகக் கொடுங்கள். அடுத்த முறை ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும்போது அவனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து நடுவில் அமர்த்தி, ஊர்க் கணக்கு நோட்டை அவன் கையில் ஒப்படையுங்கள்.